ஹெல்மெட்டைக் கழற்றலாமா? மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் முதலுதவிக் கேள்விகள்

அண்ணே, மலேசியாவின் ஃபெடரல் நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிள்களுக்கான தனிப் பாதையில் ஒருவர் விழுந்து கிடந்தார். ரெண்டு பேர் ஓடிவந்து ஹெல்மெட்டைக் கழற்றி, தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்கள். சரிதானா? (உணவு டெலிவரி செய்பவர், செந்தூல்)

மனசு நல்லதுதான் தம்பி, ஆனால் செய்த மூன்றுமே தப்பு. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தூக்கி உட்காரவைப்பதே தண்டுவடத்தைக் கெடுத்துவிடும், அப்புறம் கைகால் வராது. தண்ணீரும் வேண்டாம்; மயக்கம் வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதுதான் நல்லது.

ஹெல்மெட் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஆள் பேசுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் தொடாதீர்கள், முகக்கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிடுங்கள். மூச்சே இல்லை, அல்லது வாந்தி அடைக்கிறது, ஹெல்மெட் இருக்கும்வரை வாயைத் திறக்கவே முடியாது என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு கையைப் பிடரிக்குக் கீழேயும் மற்றதைத் தாடையிலும் கொடுத்துத் தலையை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் வெளிப்பக்கம் விரித்து, மூக்கில் இடிக்காதபடி மெதுவாக உருவ வேண்டும்.

பிறகு 10 விநாடி மார்பைப் பாருங்கள். மூச்சு இல்லாவிட்டாலும், மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு திணறல் மட்டும் வந்தாலும், நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றி.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அந்தப் பாதை குறுகல், வளைவும் உண்டு, பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். உதவப் போனவரையே இன்னொரு மோட்டார் இடித்துத் தள்ளும். ஒருவரை வளைவுக்கு முன்பே நிறுத்தி, கைப்பேசி விளக்கை ஆட்டச் சொல்லுங்கள்.

மகள் காலில் மோட்டார் எக்ஸோஸ் (புகைக்குழாய்) சூடு பட்டுவிட்டது. பற்பசை தடவலாமா? மாமியார் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றச் சொல்கிறார். (பிரிக்பீல்ட்ஸ்)

இரண்டும் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கட்டும் அக்கா. குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காலை வையுங்கள். நேரமாகிவிட்டதே என்று விடவேண்டாம், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை லேசாகப் போர்த்தி கிளினிக்குக் கூட்டிப் போங்கள், சிறு பிள்ளை என்பதால் சொல்கிறேன்.

பினாங்கு பாலத்தில் விபத்தைப் பார்த்தால் அவசர எண் 999-இல் என்ன சொல்வது? (பட்டர்வொர்த்)

முதலில் திசை. பினாங்குத் தீவை நோக்கியா, எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரை நோக்கியா என்று சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் போய்விடும், 13.5 கிலோமீட்டர் பாலம், நடுவில் நினைத்த இடத்தில் திரும்பவும் முடியாது. அப்புறம் கிலோமீட்டர் பலகை எண், எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

மோட்டார் சங்கிலி கழுவும்போது விரல் நுனி துண்டாகிவிட்டது என்று நண்பன் வீட்டில் நடந்தது. அந்தத் துண்டை என்ன செய்வது? (ஜெலுத்தோங்)

எஞ்சினை ஓடவிட்டு, பின்சக்கரம் சுழலச் சுழலத் துணியால் சங்கிலியைத் துடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துணி பல்சக்கரத்தில் மாட்டும், விரலும் கூடவே போகும். தயவுசெய்து எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

நடந்துவிட்டால் முதலில் காயத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திக் கையை உயர்த்துங்கள். துண்டை ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். பக்கத்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ஐஸ் கேட்டால் கொடுப்பார்கள். துண்டு நேராக ஐஸில் படக்கூடாது, பட்டால் திசு செத்துவிடும். நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கப்சாய் (சிறு ரக மோட்டார் சைக்கிள்) சீட்டுக்கு அடியில் என்ன வைக்கலாம்? (ஆயர் ஹீத்தாம்)

கையுறை, காயத்தில் வைக்கும் பெரிய காஸ் துணித் துண்டுகள், அகலமான பேண்டேஜ் சுருள், கத்தரிக்கோல், சிறு டார்ச். அவ்வளவுதான். ஒட்டும் பிளாஸ்டர் அந்தச் சூட்டில் பிசுபிசுத்துப் போகும், அதைப் பையில் வையுங்கள். தைலப் புட்டியால் விபத்தில் ஒரு பயனும் இல்லை.

போன வாரம் வழுக்கி விழுந்தேன், ஹெல்மெட் கீறல்தான், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தலை வலிக்கிறது. (செராஸ்)

ஒரு வாரமாக வலிக்கிறது என்றால் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் நாள் கழித்துத்தான் காட்டும். இன்றே மருத்துவரைப் பாருங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் ஏதாவது இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு, அதுவும் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாமல். வலிக்கு ஆஸ்பிரின் போடாதீர்கள். அந்த ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள்.