விற்பவர் நீட்டும் சர்வே ரிப்போர்ட்டை நம்பிப் படகு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கி, பாகான் டத்தோவிலிருந்து தூண்டில் போடுபவர்களைச் செம்பிலான் தீவுப் பக்கம் கூட்டிப் போகலாம் என்று நானும் என் மச்சானும் முடிவு செய்திருக்கிறோம். லுமுட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் தவுக்கே (முதலாளி) ஒருவர் தன் சொந்தப் படகை 68,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) தருகிறார். 5,000 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். கையில் இருப்பது வெறும் ரசீதுதான். போன வருடம் எடுத்த சர்வே ரிப்போர்ட் (படகின் நிலையைப் பரிசோதித்து எழுதும் அறிக்கை) ஒன்றைக் காட்டி, "இதுவே போதும், வேண்டுமானால் அதே சர்வேயரைத் திரும்பக் கூப்பிடுகிறேன், நமக்குத் தெரிந்த ஆள்தான்" என்கிறார். தனியாக ஆள் வைப்பது தண்டச் செலவு என்கிறார் மச்சான். நல்ல சர்வேயரை எப்படித் தேடுவது?

பதில்: அந்த ரிப்போர்ட் தவுக்கேயுடையது, உங்களுடையது அல்ல. இதை முதலில் மச்சானிடம் சொல்லுங்கள். சர்வேயருக்குக் கட்டணம் கொடுத்தவர் தவுக்கே. நாளைக்குப் படகின் அடியில் தண்ணீர் கசிகிறது என்று அந்த சர்வேயரிடம் போய் நின்றால், "நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாதே" என்பார். சட்டமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான் இருக்கும்.

இதே மாதிரி ஒரு வழக்கு இங்கிலாந்தில் நடந்து 1990இல் முடிந்தது. 'மார்னிங் வாட்ச்' என்ற உல்லாசப் படகை வாங்கியவர்கள், விற்பனைக்கு முன் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற கப்பல் தரச்சான்று அமைப்பின் சர்வேயர் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் வாங்கினார்கள். பழுது பின்னால் தெரிந்தது, வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். வாங்குபவருக்கு அந்த சர்வேயர் பொறுப்பாளி அல்ல என்பது தீர்ப்பு. இங்கிலாந்துத் தீர்ப்பு நம் மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இப்படிப்பட்ட விஷயங்களில் நம் நீதிபதிகள் அவற்றை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

"சரி, தவுக்கேயையே பிடிக்கலாமே?" என்று தோன்றும். அங்கேயும் பிடி தளர்வுதான். 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்கு. இவர் விற்பது ஆணியும் பெயிண்டும். படகு அவருடைய சொந்த உபயோகப் பொருள். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் என்றாலும், வியாபாரி அல்லாத ஒருவரை அங்கே இழுப்பது கடினம். பொய் சொல்லி விற்றார் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் போகலாம். அதிலும் 19ஆம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது: பழுதைச் சொல்லாமல் மறைத்திருந்தாலும்கூட, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாமல் போகலாம். "ஏன் ஒரு சர்வேயரை வைத்துப் பார்க்கவில்லை?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

ஆக, உங்களுக்காக, உங்கள் காசில், உங்கள் பெயருக்கு ரிப்போர்ட் எழுதித் தரும் ஒருவர் வேண்டும். சர்வேயர் என்று கார்டு அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கப்பலில் ஏற்றிய பாமாயிலை அளப்பவரும் மரைன் சர்வேயர்தான், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துச் சேதத்தை மதிப்பிடுபவரும் சர்வேயர்தான். இருவரும் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் 28 அடி ஃபைபர் படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் "எத்தனை வருட அனுபவம்?" என்று கேட்காதீர்கள். "கடைசியாகப் பார்த்த ஃபைபர் படகுகள் எவை? அதில் ஒரு ரிப்போர்ட்டை, பெயரை மறைத்துவிட்டு, காட்ட முடியுமா?" என்று கேளுங்கள்.

அவர் காட்டும் அந்த ரிப்போர்ட்டே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல ரிப்போர்ட்டில் படங்கள் இருக்கும்; எந்த இடத்தைப் பார்த்தார், எதைத் திறக்க முடியாமல் விட்டார் என்று எழுதியிருக்கும். "பொதுவாக நல்ல நிலை" என்று இரண்டு பக்கத்தில் முடிந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடுங்கள்.

நீங்கள் பிட்டர், ஆகவே சர்வேயர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றித்தான் பார்க்க வேண்டும். படகுத்துறையில் கட்டி வைத்துப் பார்ப்பது அரைப் பரிசோதனை. சின்னச் சுத்தியலால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். 'டக்' என்று தெளிவாகக் கேட்டால் சரி. 'பொத்' என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஈரப்பத மீட்டர் வைப்பார், ஆனால் அப்போதுதான் கரையேற்றிய படகில் அது கூடுதலாகவே காட்டும். நிதானமான சர்வேயர் காயவிட்டுத் திரும்பப் பார்ப்பார். பழைய படகில் அவுட்போர்ட் எஞ்சின் தொங்கும் பின்பலகையில் ஃபைபருக்குள்ளே பிளைவுட் இருப்பது சகஜம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உளுத்துப் போயிருக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைகிறதா என்று பாருங்கள். எஞ்சினுக்குள் என்ன என்பதைப் பெரும்பாலான சர்வேயர்கள் ஆராய மாட்டார்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்க ஒரு மெக்கானிக் தனியாக வேண்டும். கடலில் ஓட்டியும் பார்த்துவிடுங்கள்.

விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள், விற்பனை முடிந்தால்தான் கட்டணம் என்பவர், "பழுதை நானே பார்த்துக் கொடுக்கிறேன்" என்று அடுத்த வேலைக்கும் விலை பேசுபவர், இந்த மூன்று பேரும் வேண்டாம். படகை இன்சூரன்ஸ் செய்யப்போகும் கம்பெனியிடம், யாருடைய ரிப்போர்ட்டை ஏற்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்பது நல்ல வழி.

அப்புறம், வேலைக்கு அமர்த்தும் கடிதத்தைக் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள். அலட்சியமாகக் கொடுத்த தகவலால் பண நஷ்டம் வந்தால் ஈடு கேட்கலாம் என்ற விதியை 1963இல் நிலைநாட்டிய ஹெட்லி பைர்ன் என்ற இங்கிலாந்து வழக்கிலேயே, வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. காரணம், தகவல் கொடுத்தவர்கள் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். சர்வேயரின் கடிதத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும். பொறுப்பை அவர் கட்டணத்தொகை அளவுக்குச் சுருக்கியிருந்தால் பேரம் பேசுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா, எப்போது காலாவதி என்றும் கேளுங்கள். கட்டணம் வாங்கி ஆள் ஏற்றப் போகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுத வையுங்கள். அதற்கான உரிமம் சொந்த உபயோக உரிமத்திலிருந்து வேறு. இந்தப் படகுக்கு அது கிடைக்குமா என்று ஜாபாத்தான் லாவுட்டில் (கடல் துறை அலுவலகத்தில்) விசாரித்துவிட்டே மற்றதைச் செய்யுங்கள். படகு பதிவேட்டில் இருந்தால், யார் பெயரில் இருக்கிறது, கடன் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சர்வேயர் இதைப் பார்க்க மாட்டார்.

பிற்பாடு நீங்களே படகை விற்கும் நாள் வந்தால், வாங்குபவர் தன் ஆளைக் கூட்டி வரட்டும், தடுக்காதீர்கள். தெரிந்த பழுதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முன்பணத்துக்கு வருவோம். இந்த வாரமே தவுக்கேயிடம் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்: நான் அமர்த்தும் சர்வேயரின் ரிப்போர்ட் எனக்குத் திருப்தி தந்தால்தான் வியாபாரம், இல்லையென்றால் 5,000 வெள்ளி முழுதும் 14 நாளில் திரும்ப வேண்டும், கரையேற்றும் செலவு என்னுடையது என்று. நல்ல படகு வைத்திருப்பவர் இதற்குத் தயங்க மாட்டார். மறுத்துவிட்டு முன்பணத்தையும் தர முடியாது என்றால், அது முழுதும் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். பறிமுதல் செய்யும் முன்பணமும் ஒப்பந்தச் சட்டம் 75ஆம் பிரிவின்படி நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக, வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம். ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.