திருச்சபை செய்த அநியாயங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

கேள்வி: பிள்ளைகளைக் கிறிஸ்தவ விழுமியங்களோடு வளர்க்கிறோம். திருச்சபை வரலாற்றில் நடந்த அநியாயங்களையும் சொல்லிக்கொடுத்தால் அவர்களுடைய விசுவாசம் ஆட்டம் காணாதா?

சொல்லத்தான் வேண்டும். அதையும் நீங்களே சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் யூடியூப்பில் யாரோ ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டால், "அம்மாவுக்கு இது தெரியாதா, தெரிந்தும் மறைத்தாவா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆட்டம் காண்பது அங்கேதான்.

நாங்கள் இருப்பது கொழும்பு, கொட்டாஞ்சேனையில். நான் மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து) குடும்பம், என் கணவர் கத்தோலிக்கர். அதனால் எங்கள் சபை சுத்தம், பிழையெல்லாம் மற்றவர்களுடையது என்று சொல்லித் தப்பும் வசதி வீட்டில் இல்லை. புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கதையைத் தொடங்கினாலே மகள் கேட்பாள்: "அவங்க அம்மா பக்கமா, அப்பா பக்கமா?"

கதை இதுதான். போர்த்துக்கேயரைத் துரத்திய கையோடு, கத்தோலிக்கக் குருமாரை ஒளித்து வைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று 1658ல் ஒல்லாந்தர் ஆணை போட்டார்கள். 1687ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்பாராம். அதைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டாராம். பிள்ளைகளுக்கு இந்த இடம் எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது. பிறகு, ஒல்லாந்தர் ஆட்சிக்குள் வராத கண்டி இராச்சியத்தில் அவரை உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். கடைசியில் அவர் வெளிப்படையாக ஊழியம் செய்ய இடம் கொடுத்தது ஒரு பௌத்த மன்னன், இரண்டாம் விமலதர்மசூரியன். 1697ல் கண்டியில் அம்மை நோய் பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, வாஸ் அடிகளார் கூடவே இருந்து அவர்களைப் பராமரித்தார். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதில் துரத்தியவரும் கிறிஸ்தவர், துரத்தப்பட்டவரும் கிறிஸ்தவர், அடைக்கலம் கொடுத்தவர் கிறிஸ்தவரே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்குகிறது. பெரியவர்களுக்குத்தான் தொண்டையில் சிக்குகிறது.

ஆனால் இந்தக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். நம்மைத் துன்புறுத்தியதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு நியாயம் எப்போதும் தன் பக்கம்தான் என்ற எண்ணம் வந்துவிடும். 1620களில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலையும் திருக்கோணேஸ்வரத்தையும் இடித்தவர்கள் போர்த்துக்கேயக் கத்தோலிக்கர். கோணேஸ்வரத்தின் கற்கள் திருகோணமலைக் கோட்டையைக் கட்டப் போயின. என் மகளின் வகுப்பில் பாதிப் பேர் சைவப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் இந்தக் கதை கட்டாயம் தெரியும். நம் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தால் அது வெட்கக்கேடு.

அடுத்தது தோம்பு, அதாவது ஒல்லாந்தர் வைத்திருந்த பதிவேடு. ஒல்லாந்தர் காலத்தில் பள்ளிக்கூடத் தோம்பில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவாகி இருக்க வேண்டும். ஞானஸ்நானம் இல்லாவிட்டால் நாட்டை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் உத்தியோகம் கிடைக்காது. ஆகவே எத்தனையோ பேர் தோம்பில் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் இருந்தார்கள். பிரிட்டிஷார் வந்து கட்டாயம் போனதும் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். இன்றைக்குப் பாடசாலை அனுமதிக்காக ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடி அலைகிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தோம்புதான் ஞாபகம் வரும். (நாங்களும் அந்தச் சான்றிதழை வாங்கத்தான் போவோம், வேறு வழியில்லை.)

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகமே வேண்டாம். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் இருந்து நடந்தே 1757ல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் ஆலயத்துக்குப் போய்விடலாம். அதன் சுவர் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பு. உள்ளே தரையில் ஒல்லாந்த ஆளுநர்களின் கல்லறைக் கற்கள். பிள்ளைகளைக் கையால் தொட்டுப் பார்க்க விடுங்கள். அந்தோனியார் கோவிலுக்கோ செவ்வாய்க்கிழமைகளில் சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் எல்லாரும் மெழுகுதிரியோடு வருகிறார்கள். அந்த வரிசையில் ஒரு தரம் நின்றால் சகிப்புத்தன்மை பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்தக் கோவிலில்தான் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது. அதே நாள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடிந்து வந்த சிறுவர்கள். அதை அழுதுகொண்டே சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த மாதம் நீர்கொழும்பிலும் குருநாகல் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததையும், கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மன்னிப்பு என்ற சொல்லை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்துவிடலாம். அந்த மே மாதம் எதிர்வீட்டு முஸ்லிம் ஆன்ட்டியோடு அம்மா வழமைபோலப் பேசினாளா, கதவைச் சாத்தினாளா என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

வயதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஏழெட்டு வயதில் செபமாலைக் கதை போதும். கோவில் இடிப்பைப் பத்துக்கு மேல் சொல்லலாம். விசுவாசத்தில் தவறியவர்கள் என்று ஆட்களைப் பிடித்துத் தண்டித்த கோவா சமய விசாரணை போன்றவற்றைச் சாதாரண தர (ஓ/எல்) வரலாறு படிக்கிற வயதுக்கு விட்டுவைத்திருக்கிறேன். சித்திரவதை விபரம் எந்த வயதிலும் அவசியமில்லை. யார், ஏன் செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும்.