துருவத்துப் பூச்சிகள்: பழவேற்காட்டுப் பறவை ஆர்வலர்களின் கேள்விகளுக்குப் பதில்

தடா, பள்ளி ஆசிரியை: ஐயா, அண்டார்டிகாவில் பூச்சி உண்டா? வெப்பம் கூடினால் அதற்கு நல்லதுதானே?

உண்டு டீச்சர். ஆனால் அந்த மண்ணுக்கே உரியது ஒன்றுதான்: பெல்ஜிகா அண்டார்டிகா என்ற சிறகில்லாத குட்டிப் பூச்சி. அதன் ஆயுள் இரண்டு ஆண்டு. பெரும்பகுதியைப் புழுவாகவே கழிக்கும், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அந்த உறைவுதான் அதற்குக் காப்பு, ஏனென்றால் அப்போது உடலில் சேர்த்த கொழுப்பு அதிகம் செலவாவதில்லை. குளிர் தணிந்தால் உடல் இயங்கத் தொடங்கிக் கொழுப்பு கரையும். ஆய்வகத்தில் மைனஸ் 5 டிகிரியில் வைத்த புழுக்களைவிட மைனஸ் 1 டிகிரியில் வைத்தவை குறைவாகவே பிழைத்தன. கோடையைப் பற்றியே பேசுகிறோம். எனக்குக் கவலை குளிர்காலத்தைப் பற்றித்தான்.

சத்தியவேடு, நெல் விவசாயி: எங்கள் வயலில் முட்டைப்பையைச் சுமந்து ஓடும் சிலந்தி அங்கேயும் இருக்கிறதா?

அண்டார்டிகா கண்டத்தில் சிலந்தியே கிடையாது. வட துருவப் பக்கம் நிறைய உண்டு, நீங்கள் சொல்லும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பமேதான். வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க்கில் 1996 முதல் குழிப்பொறி வைத்துக் கவனிக்கிறார்கள். பனி சீக்கிரம் உருகும் ஆண்டுகளில் இந்தச் சிலந்திகள் பெரிதாக வளர்கின்றன. அந்தச் சின்னக் கோடைக்குள் சில பெண் சிலந்திகள் இரண்டாவது முட்டைப்பையும் கட்டிவிடுகின்றன! அதே இடத்தில், வீட்டு ஈயின் உறவான ஈக்கள் 2014 வரையிலான காலத்தில் சுமார் 80 சதவீதம் குறைந்துவிட்டன. அங்கே பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் இந்த ஈக்களே.

சிலந்தி பெருகினால் அதன் இரை குறையும் என்றுதான் நினைப்போம். ஆனால் அலாஸ்காவில் செயற்கையாக வெப்பம் கூட்டிய இடத்தில் சிலந்திகளை அதிகமாக்கிப் பார்த்தபோது, மண்ணில் துள்ளித் திரியும் பொடி உயிரிகள் கூடியே போயின. அவை செத்தையை மட்கவைக்கும் பூஞ்சையைத் தின்பவை. அப்புறம் என்ன, செத்தை மட்குவதும் மந்தமானது.

கும்மிடிப்பூண்டி, கல்லூரி மாணவர்: கொசு?

பெருகும். கிரீன்லாந்தில் 2 டிகிரி வெப்பம் கூடினால் முழுக் கொசுவாகப் பிழைத்து வருபவை 53 சதவீதம் கூடும் என்று ஒரு கணிப்பு. கொசுவே இல்லாத நாடாக இருந்த ஐஸ்லாந்தில் 2025 அக்டோபரில் முதன்முறையாகக் கொசுவைப் பிடித்தார்கள்.

அண்ணாமலைச்சேரி, மீனவர்: நம் ஏரிக்கு இதனால் என்ன தம்பி?

நிறைய இருக்கிறது அண்ணே. சேற்றில் கொத்தித் திரியும் கொசு உள்ளான் என்ற வலசைப் பறவை குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் தூந்திரத்தில், அதாவது மரமில்லாத துருவச் சமவெளியில். குஞ்சு பொரிந்தவுடன் தானே ஓடிப் பூச்சி பிடித்துத் தின்ன வேண்டும், தாய் ஊட்டாது. பனி முந்தி உருகினால் பூச்சியும் முந்திக் கிளம்பிவிடும். இங்கிருந்து புறப்படும் பறவைக்கு அது எப்படித் தெரியும்? இதே இனத்தின் உறவான சிவப்பு உள்ளான் ஒன்றில் இதன் விளைவை நேராகவே பார்த்திருக்கிறார்கள். பனி முந்தி உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகு குட்டையாக வளர்ந்தன. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆழத்தில் கிடக்கும் சிப்பி அவற்றுக்கு எட்டவில்லை, பல பிழைக்கவில்லை.

செப்டம்பர், அக்டோபரில் வலைக்குப் போகும்போது உள்ளான் கூட்டத்தில் இளம் பறவைகள் எத்தனை என்று கவனித்துச் சொல்லுங்கள். இறகின் விளிம்பு வெளிறி, புதுசாக இருக்கும். வருடா வருடம் குறித்து வைத்தால் அங்கே குஞ்சுகள் எப்படிப் பிழைத்தன என்று இங்கிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம்.