கிறிஸ்துமஸுக்கு 22 பேர், கையில் 22,000: பெர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஆவடியில் இருக்கிறோம், சொந்த ஊர் நாசரேத். கணவருடன் பிறந்தவர்கள் மூன்று பேர், எல்லோரும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டில் கூடுவோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு குடும்பம் செலவை ஏற்பது வழக்கம், இந்த வருஷம் எங்கள் முறை. 24 முதல் 28 வரை மொத்தம் 22 பேர், அதில் 7 குழந்தைகள். போட்டுப் பார்த்தால் 1,50,000 வருகிறது. என் கணவர் சம்பளம் 58,000, சேமிப்பு 22,000, தீபாவளி போனஸ் 30,000 வரும். கிரெடிட் கார்டில் 84,000 பாக்கி, மாதம் 4,500 கட்டிக்கொண்டிருக்கிறோம். வங்கியிலிருந்து 1.5 லட்சம் பெர்சனல் லோன் தருவதாகப் போன் வந்தபடி இருக்கிறது. எடுக்கலாமா? போன வருஷம் பெரிய அத்தான் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தார், நாங்கள் மட்டும் பங்கு கேட்டால் நன்றாகவா இருக்கும்? என்னிடம் ஆறு வளையல் இருக்கிறது, அடகு வைத்தால் அத்தை கையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். செலவுக் கணக்கு எழுதிய தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

பதில்: எடுக்காதீர்கள். 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 7,350 போகும், வட்டி மட்டும் 26,000-க்கு மேல், பிராசசிங் கட்டணம் தனி. அடுத்த கிறிஸ்துமஸ் வந்து போன பிறகும் இந்தக் கிறிஸ்துமஸ் பிரியாணிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். லோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அதனால் உங்கள் தாளையே எடுத்துப் பார்ப்போம்.

துணிமணி 55,000. பஸ் 15,200. 25-ஆம் தேதி மதியச் சாப்பாடு அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து 40 பேருக்கு, கேட்டரிங்கில் தலைக்கு 450 என்று 18,000. மற்ற நாள் சாப்பாடு 24,000. பலகாரம், கேக் 14,000. ஸ்டார், சீரியல் லைட், குடில், பட்டாசு 9,000. பிள்ளைகளுக்குப் பரிசு 7,000. கன்னியாகுமரிக்கு வேன் 7,800. கூட்டினால் சரியாக ஒன்றரை லட்சம். வங்கிக்காரர் தருகிறேன் என்று சொன்ன தொகையும் அதே ஒன்றரை லட்சம். கணக்குப் போட்ட பிறகு லோன் வந்ததா, லோன் வந்த பிறகு கணக்கு அதுவரை நீண்டதா என்று எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

22 பேருக்குச் சாப்பாடு போடுவதை நினைத்துத்தானே பயப்படுகிறீர்கள்? பலகாரம், கேக் எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டுச் செலவு 56,000. துணி மட்டுமே 55,000! வந்த எல்லோருக்கும் புதுத் துணி எடுத்துக் கொடுப்பது பெரிய அத்தான் வசதிக்கு ஆரம்பித்த பழக்கமாக இருக்கும், அது உங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் வரும்போதே ஒரு புதுத் துணி எடுத்துக்கொண்டுதான் வருவார்கள், நீங்கள் கொடுக்கும் சேலை பீரோவுக்குள் போகும். ஏழு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய்க்கு உடை, மாமனாருக்கு வேட்டி சட்டை, மாமியாருக்குச் சேலை, உங்கள் இருவருக்கும் சுமாராக ஒன்று, 16,500-க்குள் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு அந்த உடையே பரிசு. தனியாக 7,000 வேண்டாம்.

அடுத்தது பயணம். போன வருஷம் ஆம்னி பஸ்ஸுக்கு ஆளுக்கு 1,900 கொடுத்திருக்கிறீர்கள், அதை வைத்துத்தான் நாலு பேருக்குப் போக வர 15,200 போட்டிருக்கிறீர்கள். எழும்பூரிலிருந்து போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் நாசரேத் வழியாகத்தானே திருச்செந்தூர் போகிறது, ஸ்லீப்பரில் ஆளுக்கு 500-க்குள் முடியும், போக வர 4,000. ரயில் முன்பதிவு இப்போது 120 நாள் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை 8 மணிக்குத் திறக்கும், கிறிஸ்துமஸ் சமயத்தில் தெற்கே போகும் வண்டியில் சீட்டு நிற்காது. முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழி, ஐஆர்சிடிசி கணக்கில் அதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் இதேபோல் நாள் எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள், போகும் டிக்கெட் எடுத்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டுக் கடைசியில் பஸ்ஸில் வருகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது சாப்பாடு. 25-ஆம் தேதி மதியம் 40 பேருக்குக் கேட்டரிங் எதற்கு? ஊரில் பிரியாணி மாஸ்டர் ஒருவரைக் கூலிக்குப் பிடியுங்கள். சீரக சம்பா 4 கிலோ, ஆட்டுக்கறி 6 கிலோ போதும், இதில் பிள்ளைகளும் உண்டு என்பதால் மிஞ்சவும் செய்யும். கறி கிலோ 900 என்று வைத்தால் 5,400, அரிசி 600, நெய், எண்ணெய், வெங்காயம், தக்காளி, தயிர், மசாலா எல்லாம் 1,800, வறுவலுக்குக் கோழி 4 கிலோ 960, மாஸ்டர் கூலி 2,000, விறகும் அண்டா வாடகையும் 700. மொத்தம் 11,460. உங்கள் ஊர் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அப்படியே இருந்தாலும் 18,000-ஐத் தொடாது. இன்னொன்று, விடியற்கால ஆராதனைக்கு 3 மணிக்கு எழுந்து குளித்து, பிள்ளைகளைக் கிளப்பி, திரும்பி வந்து இட்லியும் கறிக்குழம்பும் பரிமாறி, அதற்குப் பிறகு 40 பேருக்குச் சமையல் என்று வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே கிடக்க வேண்டியதில்லை. 2,000 ரூபாய்க் கூலி அதற்கே தகும். கறிக்கடையில் ஒரு வாரம் முன்னால் சொல்லி வைத்துவிடுங்கள், 24 ராத்திரி போய் நின்றால் எலும்புதான் கிடைக்கும்.

மற்ற நாட்களுக்கு 24,000 என்பது ஒவ்வொரு வேளையும் விருந்து என்ற நினைப்பில் போட்ட கணக்கு. 26-ஆம் தேதி யாருக்கும் விருந்து இறங்காது. மிஞ்சிய குழம்பைச் சுண்ட வைத்து இட்லிக்கு ஊற்றினால் அதற்குத்தான் அடிதடி நடக்கும் (எங்கள் வீட்டில் நடக்கும்). ஒரு நாள் மீன், ஒரு நாள் சாம்பார் ரசம், ராத்திரி தோசை என்று போனால் 15,000 தாராளம். கைமீறிப் போவது இந்தப் பெரிய வேளைகளில் இல்லை, சாயங்காலம் நாலு மணிக்கு "பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிட்டு வாறேன்" என்று ஆளுக்கு ஒருவர் பேக்கரிக்குக் கிளம்பும்போதுதான். பலகார டப்பாவைப் பூட்டி வைக்காமல் வெளியே வைத்தாலே அதில் பாதி மிச்சம்.

பலகாரம் பற்றி ஒரு வார்த்தை. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் கடையில் கிலோ விலைக்கு வாங்கும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பே கிடையாது, வறுத்த பாசிப்பயறு மாவும் கருப்பட்டியோ வெல்லமோ போட்ட பாகும் தேங்காயும்தான், அதற்குக் கடையில் கொடுக்கும் விலையில் பாதி கைவேலைக்கு. சாமான் வாங்கிக் கொடுத்தால் வீட்டுக்கே வந்து சுட்டுக் கொடுக்கும் அக்காமார் உங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்பவும் அதுவே போதும்.

இனி நீங்கள் தயங்கிக் கேட்ட விஷயம். பங்கு கேட்பது கேவலமா? பணமாகக் கேட்டால் சங்கடம்தான், ஒத்துக்கொள்கிறேன். பொருளாகக் கேளுங்கள். "ஆளுக்கு 6,000 அனுப்புங்கள்" என்றால் மூஞ்சியைத் தூக்கும் அதே ஆள், "கறி உங்க பொறுப்பு" என்றால் 7,000-க்கு வாங்கிக்கொண்டு வந்து, எந்தக் கடையில் எந்த ஆடு என்று மூன்று நாள் பேசுவார். கறியும் கோழியும் மூத்தவர், பலகாரம் நாத்தனார், கன்னியாகுமரி வேன் கொழுந்தன். இதை நீங்கள் பேசாதீர்கள், உங்கள் கணவர் பேசட்டும், வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போட்டு. "அண்ணே, இந்த வருஷம் எங்க முறை. கொஞ்சம் இறுக்கமா இருக்கு, கறி மட்டும் உங்க கையால எடுத்துத் தாங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றால் போதும். இறுக்கமாக இருக்கிறது என்று சொந்த அண்ணனிடம் சொல்ல முடியவில்லை என்றால், வேறு யாரிடம்தான் சொல்வது?

அப்படிச் செய்தால் உங்கள் பங்கு: துணி 16,500, ரயில் 4,000, பிரியாணியில் கறி, கோழி போக 5,100, மற்ற நாள் சாப்பாடு 15,000, கேக் 3,000, ஸ்டார் லைட் 2,000 (போன வருஷத்து சீரியல் லைட்டைப் பரணில் தேடுங்கள்). 45,600. நீங்கள் எழுத மறந்தவை இன்னும் மூன்று. ஆலயக் காணிக்கை 3,000, கேரல் ரவுண்ட்ஸ் வரும் பிள்ளைகளுக்குக் கவரும் காப்பியுமாக 1,000, இரண்டாவது கேஸ் சிலிண்டருக்கு ஒரு 900. ஆக 50,500. உங்கள் கையில் இருப்பதும் வரப்போவதும் சேர்த்து 52,000. இறுக்கிப் பிடித்தால் கடன் இல்லாமல் முடியும், ஆனால் சேமிப்பு துடைத்துப் போகும், அது எனக்குப் பிடிக்கவில்லைதான். கொழுந்தன் மீன் செலவையும் ஏற்றால் சந்தோஷம். போனஸ் வந்ததும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நமக்கு தீபாவளி இல்லாவிட்டாலும் தீபாவளி ஆஃபர் நம்மையும் விடாது, டிவி கடைப் பக்கம் போக வேண்டாம்.

கார்டுக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். மாதம் 3.5 சதவீதம் என்றால் 84,000-க்கு வட்டி 2,940, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 3,469. நீங்கள் கட்டும் 4,500-இல் அசலுக்குப் போவது 1,031 ரூபாய்தான். இப்படியே போனால் முடிய மூன்று வருஷம், அதுவும் கார்டைத் தொடாமல் இருந்தால். பாக்கி இருக்கும் கார்டில் புதிதாகத் தேய்த்தால் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடும். எனவே ஊருக்குப் போகும்போது கார்டை ஆவடியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடகு வைப்பதாக இருந்தால் பிரியாணிக்காக வைக்காதீர்கள், இந்தக் கார்டை மூடுவதற்கு வையுங்கள். வங்கியில் வருஷத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும், 84,000-க்கு மாத வட்டி 700. அதே 4,500-ஐ இடையிடையே கட்டலாம் என்ற வகைக் கடனாகக் கேட்டு வாங்கிக் கட்டி வந்தால் இருபது, இருபத்தொரு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். நடுவில் வருஷம் முடியும்போது ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும், தேதியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த முறைக்கு: நாலு குடும்பமும் இந்த டிசம்பரிலேயே அவரவர் வங்கியில் மாதம் 1,500 ஆர்டி, 12 மாதத்துக்குப் போடுங்கள். குடும்பத்துக்கு 18,000 அசல், வட்டி 600 சொச்சம், நாலும் சேர்ந்தால் 74,000-க்கு மேல். வட்டி பெரிதில்லை, ஆனால் முறை என்ற பேச்சே இருக்காது. தெருவில் வாரம் 200, 300 பிரித்து டிசம்பரில் பாத்திரமும் பணமுமாகத் தரும் கிறிஸ்துமஸ் பண்டு வேண்டாம். என் அம்மா ஒரு வருஷம் முழுக்க அப்படிக் கட்டினார், டிசம்பர் முதல் வாரம் பணம் வாங்கப் போனால் அந்த வீட்டுக் கதவில் பூட்டு, வாசலில் அம்மாவைப் போலவே கையில் அட்டையோடு இருபது முப்பது பெண்கள். அந்த வருஷம் எங்களுக்கு முறுக்கு மட்டும்தான்.

வளையல் விஷயம். இன்றைய தங்க விலைக்கு 84,000-க்கு இரண்டு பவுன் போதும், உங்கள் வளையல் ஒவ்வொன்றும் ஒரு பவுன் இருந்தால் இரண்டை வைத்தால் சரி. மிச்சம் கையில் நாலு கிடக்கும், கைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தை அப்படியும் எண்ணிக் கேட்டால் கார்டை மூட வைத்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள், நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், தன் வளையலை அவரும் ஒருமுறையாவது வைத்துத்தான் இருப்பார்.