சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது: நகையைத் திருப்புவதா, மகள் பெயரில் போடுவதா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 36, தனியார் ஆலையில் மேற்பார்வையாளர், பிடித்தம் போக மாதம் 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல் செய்து சராசரியாக 8,000 ரூபாய் ஈட்டுகிறார். மகளுக்கு ஆறு வயது. நாற்பது மாதங்கள் கட்டிய நான்கு லட்ச ரூபாய்ச் சீட்டைக் கடைசிவரை எடுக்காமல் வைத்திருந்ததால், கம்பெனிக் கமிஷன் போக 3,80,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. எட்டுப் பவுன் நகை 2,40,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில், மூன்று ஆண்டுகளாக அடகில் இருக்கிறது. ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிரீமியத்தில் ஐந்து லட்சத்துக்கான இருபதாண்டு எண்டோமெண்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் கலந்தது) ஒன்றுக்கு நான்கு தவணைகள் கட்டியிருக்கிறார். முகவர் மகளுக்கென்று இன்னொரு பாலிசி எடுக்கச் சொல்கிறார், மனைவி நகையைத் திருப்பச் சொல்கிறார், தாயார் மனை வாங்கச் சொல்கிறார், அவருக்கோ பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்பான செல்வமகள் திட்டத்தில் மொத்தமாகப் போட்டுவிட எண்ணம். எதைச் செய்வது என்பது கேள்வி.

உங்கள் மனைவி சொல்வதே சரி, நகையைத்தான் முதலில் திருப்ப வேண்டும். அந்தக் கடனுக்கு மாதம் 2,400 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 28,800 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள், அதாவது 12 சதவீதம். செல்வமகள் திட்டம் 2024 ஜனவரி முதல் தரும் வட்டி 8.2 சதவீதம். ஒரு கையால் 12 சதவீதம் கொடுத்துக்கொண்டே மறுகையால் 8.2 சதவீதம் வாங்குவதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. தங்கம் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது நகை அடகிலேயே இருந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். விலை ஏறினால் அந்த ஏற்றம் நகை பெட்டியில் இருந்தாலும் உங்களுக்குத்தான், அடகில் இருந்தாலும் உங்களுக்குத்தான். அடகில் இருக்கும்போது வட்டியும், தவணை தவறினால் ஏலம் போகும் அபாயமும் கூடுதலாகச் சேர்கின்றன, அவ்வளவே.

ஆனால் நகை ஏன் அடகுக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்காகவும், பிறகு ஒரு காதுகுத்துச் சீருக்காகவும், அடுத்து தீபாவளிக்காகவும் வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் ஒன்றுகூட எதிர்பாராத செலவு அல்ல. ஜூன் மாதம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. மாதச் சம்பளத்துக்கு மாதக் கணக்கு மட்டும் போட்டுவிட்டு ஆண்டுக் கணக்கை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான வீடுகளில் நகை வெளியே போகிறது. இதைச் சரிசெய்யாமல் நகையை மட்டும் திருப்பினால், இரண்டு ஆண்டுகளில் அதே நகை அதே கடைக்குத் திரும்பப் போகும்.

கடனையும் நடப்பு மாத வட்டியையும் கட்டிய பின் ஏறத்தாழ 1,37,000 ரூபாய் மிஞ்சும். அதில் ஒரு லட்சத்தை, இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி, சம்பளக் கணக்கு இல்லாத வேறொரு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிடுங்கள். உங்கள் மூன்று மாதச் செலவுக்கு இது சற்றே குறைவுதான் என்றாலும், முகூர்த்த மாதங்களில் கூடுதலாக வரும் தையல் வருமானத்தைக் கொண்டு ஓராண்டுக்குள் நிரப்பிவிடலாம். வேலை போனாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ மட்டும் தொடவேண்டிய பணம் இது.

மீதி 37,000 ரூபாய் இந்த ஆண்டுக்கான காப்பீட்டுக்கு. இன்று உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், பாலிசியின் ஐந்து லட்சம் உங்கள் குடும்பத்துக்கு ஓராண்டுக்குச் சற்று மேல்தான் வரும். ஆகவே 60 வயது வரையில் குறைந்தது ஐம்பது லட்சத்துக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். புகைப்பழக்கம் இல்லாத உங்கள் வயதுக்காரருக்கு ஆண்டுப் பிரீமியம் பத்தாயிரத்தை ஒட்டி அமையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் வசதி. ஆலை தரும் மூன்று லட்ச ரூபாய்க் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதால், மூவருக்கும் சேர்த்துச் சொந்தமாக ஒன்று எடுத்துவைப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள்வரை இருக்கக்கூடும், எனவே உடல்நலத்தோடு இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

எண்டோமெண்ட் பாலிசி விஷயத்தில் முகவர் சொல்லும் வரிச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை, உங்கள் வருமானம் அதில் ஏறக்குறைய பாதிதான். மிச்சமாவதற்கு வரி இருந்தால்தானே மிச்சம்? கிளை அலுவலகத்துக்குப் போய், இன்று சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியில் முடித்துக்கொண்டால் எவ்வளவு, இனி பிரீமியம் கட்டாமல் பெயிட்-அப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பெயிட்-அப் என்றால், இருபதில் நான்கு தவணைகள் கட்டியதற்கு ஈடாக ஒரு லட்சமும், அதுவரை சேர்ந்த போனஸும் முதிர்வில் கிடைக்கும். பெரும்பாலும் அதுவே உங்களுக்கு ஏற்றதாக இருக்கும். எனினும் டேர்ம் பாலிசியின் பத்திரம் கைக்கு வந்த பிறகே இதில் கை வையுங்கள்.

இனி மகளின் படிப்பு. கசர் (ஏலத் தள்ளுபடியில் வரும் பங்கு) போகச் சீட்டுக்குச் சராசரியாகக் கட்டிவந்த 8,500, பாலிசிக்கான 2,000, நகை வட்டி 2,400 என மாதம் ஏறத்தாழ 13,000 ரூபாய் விடுபடுகிறது. நாற்பது மாதங்களாக அது இல்லாமலேயே வீட்டை நடத்திப் பழகிவிட்டீர்கள் என்பதுதான் உங்கள் பெரிய பலம்.

செல்வமகள் திட்டம் நல்ல திட்டம், பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் உங்கள் மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அதன் கணக்கைச் சொல்பவர்கள் 21 ஆண்டுகள் கழித்து வரும் தொகையைத்தான் சொல்வார்கள். மாதம் 3,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால், இன்றைய வட்டியே நீடிக்கும் பட்சத்தில், அந்த முதிர்வு சுமார் 16.6 லட்சம். அப்போது உங்கள் மகளுக்கு வயது 27, கல்லூரியில் சேர்வதோ 18 வயதில். அந்தச் சமயத்தில் கணக்கில் ஏழு லட்சத்தை ஒட்டி இருக்கும், படிப்புக்காக எடுக்கக்கூடியது முந்தைய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி மட்டுமே, அதாவது மூன்றரை லட்சம் அளவுக்குத்தான். இன்று விடுதியோடு ஆறு லட்சம் ஆகும் நான்காண்டுப் பொறியியல் படிப்பு, செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பன்னிரண்டு ஆண்டுகளில் 15 லட்சத்தைத் தொடும். இந்த இடைவெளியை அந்தத் திட்டத்தால் மட்டும் அடைக்க முடியாது, பணம் போதாததால் மட்டுமல்ல, அது வரும் தேதியும் செலவின் தேதியும் பொருந்தாததால்.

ஆகவே செல்வமகளுக்கு மாதம் 3,000 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்துக்கும் வட்டி சேரும். அதனுடன், நிஃப்டி 50 போன்ற பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில், மாதாமாதம் கட்டும் எஸ்.ஐ.பி. முறையில் 5,000 ரூபாய். அது ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தாலே பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் ஆகும். பங்குச்சந்தைக்கு உத்தரவாதம் கிடையாது, சில ஆண்டுகள் கட்டிய பணமே குறைந்து தெரியும். அதனால் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்ததிலிருந்து சிறிது சிறிதாக அதை வங்கி வைப்புக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

மீதி 5,000 ரூபாயை, மாதாமாதம் கட்டும் வைப்பான ஆர்.டி.யில் போடுங்கள். ஆண்டுக்கு அறுபதாயிரம் சேரும். அடுத்த ஆண்டின் காப்பீட்டுப் பிரீமியங்கள், ஜூன் மாதக் கட்டணம், தீபாவளி, சீர் எல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். நகையை இனி அடகுக்கு அனுப்பாமல் காப்பது இந்த ஆர்.டி.தான். ஆர்.டி. வேண்டாம், சீட்டுதான் மனதுக்குப் பிடிக்கிறது என்றால், பதிவுத் துறையில் பதிவான சீட்டாகப் பார்த்துச் சிறியதாக ஒன்று சேருங்கள், தெருவில் நடக்கும் சீட்டு வேண்டாம்.

ஓய்வுக்காலத்துக்கு இப்போதைக்குப் புதிதாக எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பில் 35 ஆண்டுகள் கணக்கானால்கூட பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 7,500 ரூபாய்தான், எனவே வரும் ஆண்டிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் பாதியை, கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் நாமே கூடுதலாகக் கட்டும் விருப்ப பி.எஃப்.புக்கு மாற்றக் கேளுங்கள். மனை பற்றித் தாயாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம்: கடன் வாங்காமல் வாங்கும் நிலை வரும்போது பார்ப்போம், கல்லூரிக் கட்டணத்துக்காக மனையை ஒரு மாதத்தில் விற்க முடியாது.

நகையைத் திருப்பப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அடகு வைத்தபோது கொடுத்த சீட்டில் உள்ள எடையோடு ஒவ்வொரு நகையையும் கவுன்ட்டரிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, கடன் கணக்கு முடிந்ததற்கான ரசீதை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.