வாசகர் கேள்வி - பதில்: விமான சிமுலேட்டருக்கு எந்தக் கணினி?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 ஆடுவதற்காகவே புதிதாகக் கணினி வாங்கப் போகிறேன். 1440பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவற்றுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரை செலவழிக்கலாம். கோர் ஐ5-14400எஃப் ப்ராசசர், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு என்று கடையில் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு அது நல்ல கொட்டேஷன். சிமுலேட்டருக்கு வேண்டாம். கார்டில் போட்டிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை ப்ராசசருக்கும் ரேமுக்கும் மாற்றச் சொல்லுங்கள்.

இறக்கை மீது காற்று தரும் விசை, வானிலை, காக்பிட் திரைகள், சுற்றி நிற்கும் மற்ற விமானங்கள் என்று எல்லாவற்றையும் சிமுலேட்டர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கணக்கிடுகிறது. இந்த வேலையில் பெரும்பங்கு ப்ராசசரின் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலைச் சரத்தில், வரிசையாக நடக்கிறது. அது முடிகிற வரை கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சும்மாதான் காத்திருக்கும். கணக்குக்கு வேண்டிய தரவு ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தில் அடங்காவிட்டால், ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய் எடுத்துவர வேண்டும். பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது படம் திக்குவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான். 14400எஃப்பில் எல்3 கேஷ் 20 எம்பி. ரைசன் 7 7800எக்ஸ்3டியில் 96 எம்பி. ஆகவே உங்கள் பட்டியலின் முதல் வரி 7800எக்ஸ்3டியாக இருக்கட்டும்.

அதற்குச் சாதாரண பி650 மதர்போர்டு போதும். இந்த ப்ராசசரோடு கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். நான்கு ஹீட் பைப் உள்ள ஒற்றை டவர் ஏர் கூலரே தாராளம், லிக்விட் கூலருக்குச் செலவழிக்காதீர்கள். கேபினட் மட்டும் முன்பக்கம் வலை வைத்ததாக இருக்கட்டும். நம் ஊர்க் கோடையில் கண்ணாடி முகப்பு கேபினட்டுக்குள் சூடு தேங்கும்.

ரேம் 32 ஜிபி, டிடிஆர்5-6000, சிஎல்30. 16 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். நான்கு குச்சி போட்டால் இந்த ப்ராசசர்-போர்டு ஜோடியில் 6000 வேகம் நிலைப்பது கடினம். ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு அப்போது ரேமைப் பழகிக்கொண்டிருக்கிறது. பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள். பிறகு பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000க்குக் காசு கொடுத்துவிட்டு 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் விற்கின்றன. 16 ஜிபிதான் வேண்டும். பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். கார்டின் நினைவகம் நிரம்பினால் படத்துணுக்குகள் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகத் தெரியும், ஆனால் ரன்வேக்கு நேராகத் திரும்பும் நேரத்தில் படம் அரை நொடி உறையும்.

இவற்றோடு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் பவர் சப்ளை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் பட்ஜெட் இடிக்கலாம். அப்போது ரேமைக் குறைக்காதீர்கள். இப்போதைக்கு ரைசன் 5 7600 போட்டுக்கொண்டு, அதே போர்டில் பின்னால் எக்ஸ்3டிக்கு மாறுங்கள். 7600 பெட்டியிலேயே கூலரும் வரும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சீரான 30 ஃப்ரேம், 35க்கும் 55க்கும் இடையே தாவுவதைவிடக் கண்ணுக்கு இதமானது. ஃப்ரேம்களை மானிட்டரோடு ஒத்திசைக்கும் வி-சிங்க்கில் 30க்குப் பூட்டி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி வைத்திருக்கிறேன். வயல்வெளி மேல் அருமையாகப் பறக்கிறது. லண்டன் ஹீத்ரோவில் இறங்கினால் திணறுகிறது. கார்டை மாற்றட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: மாற்றுவதற்கு முன் சோதித்துவிடுங்கள், காசு செலவில்லை. அமைப்புகளில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் மேலே ஒரு மெனு வரும். அதில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) காட்டும் வசதியைத் தேர்ந்தெடுத்து, ஹீத்ரோவில் விமானத்தை நிறுத்திப் பாருங்கள். 'லிமிடட் பை மெயின்த்ரெட்' என்று வந்தால் தடை ப்ராசசரில் இருக்கிறது. உறுதிப்படுத்த ரெண்டர் ஸ்கேலை (படத்தைக் கார்டு வரையும் நுணுக்க அளவு) 100இலிருந்து 60க்கு இறக்குங்கள். படம் மங்கும். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் புதுக் கார்டு எதையும் மாற்றாது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

முதலில் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயிலை (நிலப்பரப்பின் நுணுக்க அளவு) குறையுங்கள். அடுத்து விமான நிலைய டிராஃபிக், கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட் (காக்பிட் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகம்). மூன்றுமே ப்ராசசர் சுமை. போதவில்லையென்றால் அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி உட்காரும். புதிது கிடைப்பது இப்போது அரிது. பழையது வாங்கினால் அடியிலுள்ள பின்கள் ஒன்றுகூட வளையாமல் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பயாஸை அப்டேட் செய்துவிட்டுத்தான் 3600ஐக் கழற்ற வேண்டும். முதலில் கழற்றிவிட்டால் புதிய சிப்பைப் போர்டு அடையாளம் காணாமல் போகலாம். கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டி ப்ராசசரைச் சூடாக்குங்கள். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையிலுள்ள பேஸ்ட் இறுகியிருக்கும்போது நேராக மேலே இழுத்தால், பூட்டு போட்டிருந்தும் ப்ராசசர் சாக்கெட்டிலிருந்து கூலரோடு பிய்ந்து வரும், பின்கள் வளையும். உங்கள் போர்டிலுள்ள ஏஎம்4 சாக்கெட்டில் அடிக்கடி நடக்கும் விபத்து இது.

ரேமையும் 32 ஆக்குங்கள். பழைய குச்சிகளோடு புதியவற்றைக் கலக்காமல் 16 ஜிபி குச்சிகள் இரண்டு கொண்ட ஜோடி ஒன்றைப் போடுவது பாதுகாப்பு.

கேள்வி: ஜாய்ஸ்டிக்கா, யோக்கா? என் நண்பரின் ஜாய்ஸ்டிக் பறக்கும்போதே திடீரென்று இணைப்பு அறுந்துவிடுகிறது. அது ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: ஏர்பஸ் ஓட்ட ஆசை என்றால் ஜாய்ஸ்டிக், நிஜத்திலும் அதில் சைட்ஸ்டிக்தான். செஸ்னா 172, போயிங் 737 என்றால் யோக் (ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி) பொருத்தம். ஆனால் யோக்குடன் ரட்டர் பெடலும் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால் மிதி) வாங்க வேண்டிவரும். தொடக்கத்துக்கு, கைப்பிடியைத் திருகினால் ரட்டராக வேலை செய்யும் ஜாய்ஸ்டிக்கைத்தான் சொல்வேன். காந்தத்தால் அசைவை உணரும் ஹால் எஃபெக்ட் சென்சார் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பொட்டென்ஷியோமீட்டர் வகையில் உரசும் பகுதி தேய்ந்து தூசி சேரும். ஸ்டிக்கைத் தொடாமலே விமானம் ஒரு பக்கம் சாயும்.

இணைப்பு அறுவதற்குப் பெரும்பாலும் காரணம், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைப்பது. பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்டிக், த்ராட்டில், பெடல் மூன்றையும் ஒரே ஹப்பில் செருகுவதானால் அடாப்டர் உள்ள ஹப் தேவை.

கேள்வி: எங்கள் ஊரில் மின்வெட்டு அதிகம். வீட்டு இன்வெர்ட்டர் போதுமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் இந்தக் கணினியை அதில் போடாதீர்கள். சைன் வேவ் என்றால், பின்பக்கம் ஸ்விட்ச் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் நீளமாக இருப்பதால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ போதாது, ஏனென்றால் அதன் உண்மைத் திறன் ஏறத்தாழ 360 வாட்தான். கணினியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தொட்டுவிடும். 1000 விஏ வாங்குங்கள். அதுவும் சைன் வேவாக இருப்பது நல்லது.

கேள்வி: நெட் வேகம் எவ்வளவு வேண்டும்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: 2024 பதிப்பு நிலப்பரப்பை மட்டுமல்லாமல் விமானங்களின் கோப்புகளையும்கூட இணையத்திலிருந்து இழுக்கிறது. 50 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கப்பட்ட அளவு, குறைந்தபட்சம் 10. வைஃபையைவிட லேன் கேபிள் மேல். இறக்கிய நிலப்பரப்பைச் சேமித்துவைக்கும் ரோலிங் கேஷை எஸ்எஸ்டியில் வைத்தால் அடிக்கடி பறக்கும் பகுதிகள் மறுபடி இறங்காது. நெட் நம்பகமில்லாத இடமென்றால் எக்ஸ்-பிளேன் 12 என்ற வேறொரு சிமுலேட்டரைப் பாருங்கள். நிலப்பரப்பை ஒருமுறை டிஸ்கில் நிறுவிக்கொண்டால் போதும், ஆனால் அதற்கு நிறைய இடம் வேண்டும் என்பதால் 2 டிபி எஸ்எஸ்டியாக வாங்கிவிடுங்கள்.