கத்தரிக்கோல் தேடாமல் பிரிக்க ஒரு பை

உடனே சாப்பிடக்கூடிய உணவுகள் வருகிற பிளாஸ்டிக் பைகள், டப்பாக்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் செய்து பையில் அடைத்து விற்கிறோம். ருசியில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் பையைப் பிரிக்க முடியவில்லை, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, ஈரோடு)

இதைச் சின்னக் குறையாக நினைத்து விட்டுவிடாதீர்கள். பை விற்கிறவர் தடிமனுக்கு மைக்ரான் கணக்குச் சொல்வார், பளபளப்பைக் காட்டுவார், சீல் எவ்வளவு கெட்டி என்று இழுத்தும் காட்டுவார். வாங்கிப் போகிறவர் அதை எப்படித் திறப்பார் என்று பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த மாதிரிப் பைகளில் வெளி அடுக்கு பெரும்பாலும் பாலியெஸ்டர், உள்ளே பாலிஎத்திலீன். பாலியெஸ்டர் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் சரசரவென்று கிழியும், வெட்டு இல்லையென்றால் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பாலிஎத்திலீன் கிழிவதற்குப் பதிலாக நீண்டுகொண்டே போகும். அதனால் இரண்டு பக்க சீல் பட்டையிலும் ஒவ்வொரு வெட்டு கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் இடது கைக்காரர்கள் திண்டாடுவார்கள். வெட்டு சீல் பட்டைக்குள்ளேயே நிற்க வேண்டும், அதைத் தாண்டி உள்ளே போனால் எண்ணெய் கசியும். வெட்டுக்கு மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற அளவுக்கு இடம் விடுங்கள். பல பைகளில் வெட்டு இருந்தும் கிழிக்க முடியாமல் போவது பிடிக்க இடமில்லாததால்தான். வெட்டுக்குக் கீழேயும் இரண்டு விரல் அகலம் காலியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிரித்த வேகத்தில் தொக்கு புடவையில் கொட்டும்.

நிரப்பும்போது நீளமான குழாய் வைத்த புனலைப் பயன்படுத்துங்கள். சீல் விழும் இடத்தில் எண்ணெய் பட்டால் அங்கே ஒட்டு சரியாகப் பிடிக்காது, பார்க்க ஒட்டினது போல இருந்துவிட்டு பஸ்ஸில் போகும்போது கசியும். ஜிப் வைத்த பை வேண்டுமா என்று பை விற்கிறவர் கேட்பார். தொக்குக்கு வேண்டாம், ஜிப்பின் வரியில் மிளகாய் விதையும் எண்ணெயும் புகுந்துகொண்டால் பிறகு அது மூடவே மூடாது. அதைவிட முக்கியம் பையின் வடிவம். ஆழமாக, ஒடுக்கமாக இருந்தால் கரண்டிக் காம்பு முழுக்கத் தொக்காகும், அடி மூலையில் இருப்பதை எடுக்கவும் முடியாது. அகலமாக, ஆழம் குறைவாக, அடி மடிப்பு விரிந்து நிற்கிற பையாகக் கேளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரிப் பைகளை வாங்கி, அறுபது வயதைத் தாண்டிய நாலைந்து பேரிடம், கையை நனைத்துக்கொண்டு பிரிக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடிந்தால் எல்லோராலும் முடியும்.

கேள்வி: கடையில் வாங்குகிற ரெடிமேட் பிசிபேளாபாத், ராஜ்மா பையெல்லாம் ஃப்ரிட்ஜில் வைக்காமலேயே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, எப்படி? அப்படியே மைக்ரோவேவில் வைக்கலாமா? (வாசகர், சென்னை)

அதற்கு ரிட்டார்ட் பை என்று பெயர். வழக்கமாக நாலு அடுக்கு: அச்சு தாங்க வெளியே பாலியெஸ்டர், குத்தினால் கிழியாமலிருக்க நைலான், காற்றும் ஒளியும் ஈரமும் புகாமலிருக்க அலுமினிய ஃபாயில், சூட்டைத் தாங்கி சீலும் பிடிக்க உள்ளே பாலிபுரோப்பிலீன். உணவை அடைத்து சீல் வைத்த பிறகு, பையோடு சேர்த்து அழுத்தக் கலனில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாகாது, அதற்காகத்தான் இவ்வளவு சூடு. பை தட்டையாக இருப்பதால் தகர டப்பாவைவிடச் சீக்கிரம் நடுவரைக்கும் சூடு இறங்கிவிடும், அதனால் சாதம் குழைவதும் குறைவு.

ஜப்பானில் ஒட்ஸுகா நிறுவனம் 1968-ல் பான் கரி என்ற குழம்பை இப்படி விற்க ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒளி ஊடுருவும் பை, சில மாதங்கள்தான் தாங்கியது. மறு வருடம் அலுமினிய அடுக்கு சேர்த்ததும் இரண்டு வருடம் என்றானது. ஒரே ஒரு அடுக்கு செய்த வேலை அது! நம் நாட்டில் ராணுவ வீரர்களுக்காக இந்த முறையை வளர்த்தெடுத்தது மைசூரில் 1961-ல் தொடங்கிய பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடம். அங்கிருந்துதான் இந்தத் தொழில்நுட்பம் தனியார் நிறுவனங்களுக்குப் போனது.

ஃபாயில் பையை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, பொறி பறக்கும். கொதிநீரில் போட்டுச் சூடாக்குங்கள், அல்லது பீங்கான் கிண்ணத்தில் கொட்டிச் சூடாக்குங்கள். ஃபாயில் இல்லாமல், மைக்ரோவேவுக்கென்றே செய்த பைகளும் வருகின்றன. அவற்றில் சில பைகளில் ஓரிடத்தில் மட்டும் சீலைப் பலவீனமாக வைத்திருப்பார்கள், ஆவி சேர்ந்ததும் அந்த இடம் தானாகத் திறந்து வழிவிடும்.

கேள்வி: அப்படியானால் வீட்டு சீலிங் மெஷினில் குழம்பை அடைத்து, குக்கரில் வேகவைத்து, வெளியில் வைத்து விற்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

கூடாது. பையின் நடுவில் சூடு எவ்வளவு நேரம் நின்றது என்று அளந்து பார்க்காமல் செய்தால் உயிருக்கே ஆபத்து. காற்றில்லாத பைக்குள் மேலே சொன்ன பாட்டுலினம் கிருமி சுகமாக வளரும், பை உப்பாமலும் வாடை வராமலும் விஷம் சேர்ந்திருக்கலாம். குளிர்பதனத்தில் வைத்துச் சீக்கிரம் விற்றுவிடுங்கள், இல்லையென்றால் உரிமம் பெற்ற ரிட்டார்ட் கூடத்தில் கொடுத்துச் செய்யுங்கள்.

கேள்வி: ஓட்டல் வைத்திருக்கிறேன். பார்சலில் பரோட்டா நமுத்துப் போகிறது, சால்னா கசிகிறது என்று தினமும் புகார். (வாசகர், மதுரை)

இரண்டுக்கும் காரணம் ஆவிதான். பரோட்டாவுக்கு ஆவி வெளியேற வேண்டும், அதனால் மூடியில் துளை உள்ள பெட்டி. அடியில் ஒரு துண்டு வாழை இலை போட்டால் இன்னும் நல்லது. சால்னாவுக்கு அடியில் 5 என்று போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பா, அதுவும் வட்டமாக. சதுர டப்பாவில் மூடி முதலில் எழும்புவது மூலையில்தான், வட்டத்தில் சுற்றிலும் ஒரே பிடி. வாய் வரைக்கும் நிரப்பாதீர்கள், ஒரு விரல் இடம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே அழுத்தி மூடினால் ஆவி மூடியைத் தள்ளும். கொஞ்சம் பொறுத்து மூடுங்கள். உணவு கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதும் தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாகச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள், அச்சு மை உணவில் இறங்கும், விதிப்படியும் தப்பு.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த உணவு உறை எது? (வாசகி, புதுச்சேரி)

ஜப்பானியக் கடைகளில் விற்கும் ஓனிகிரி உறை. முக்கோணமாகப் பிடித்த சோறு, அதைச் சுற்றி மொறுமொறுப்பான கடற்பாசித் தாள். சோற்றின் ஈரம் பட்டால் தாள் துவண்டுவிடும். அதனால் தாளை இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். உறையில் 1, 2, 3 என்று எண் இருக்கும். உச்சியில் இருக்கிற நாடாவைப் பிடித்துக் கீழே இழுத்து முழுக்கச் சுற்றி எடுத்தால் உறை இரண்டாகப் பிரியும்; வலது மூலையை இழுத்தால் ஒரு பாதி உருவிக்கொண்டு வரும், இடது மூலையை இழுத்தால் மறுபாதி. உள் ஏடும் கூடவே உருவிவிடுவதால் தாள் அந்த நொடியில்தான் சோற்றைத் தொடுகிறது. கையில் ஒரு பருக்கை ஒட்டாது. சாப்பிடுகிற நிமிடத்தை நினைத்துச் செய்த வேலை இது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: வசதி வசதி என்று குப்பையைத்தானே சேர்க்கிறோம்? (வாசகர், கோவை)

நியாயமான கேள்வி. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பையை மறுபடி பிரித்தெடுப்பது மிகவும் சிரமம், பழைய பொருள் வாங்குகிறவரும் அதை எடுக்கமாட்டார். ஆனால் எல்லா உணவுக்கும் அந்தப் பை தேவையில்லை. இரண்டு வருடம் தாங்க வேண்டியதற்கும் ஒரு மணி நேரத்தில் சாப்பிடப் போவதற்கும் ஒரே மாதிரி உறை எதற்கு? சீக்கிரம் விற்றுப் போகிற சரக்குக்கு எல்லா அடுக்கும் பாலிஎத்திலீனாக உள்ள பை போதும், ஈரோடு வாசகியும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். கிழிக்கும் துண்டு தனியாகப் பிய்ந்து விழாமல் பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி செய்வதும் முக்கியம். சாக்கடையில் போய் அடைப்பது பெரிய பையைவிட இந்தச் சின்னத் துண்டுகள்தான் அதிகம் என்பேன்.

கேள்வி: இனிப்பு வாங்கின டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கிறது. சூடான ரசம் ஊற்றலாமா? (வாசகி, நெல்லை)

வேண்டாம். அது பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக், 70 டிகிரியைத் தாண்டினாலே நெளியத் தொடங்கும். ஆறிய முறுக்கு, சீடை போட்டு வையுங்கள்.